நூற்றிருபது விநாடி

ஞானஒளிவு வீட்டில் காலை ஆறு மணிக்கு ஜெபம். அதில் ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது. முப்பத்தொரு வருஷம் பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க்காக இருந்தபோது அவர் எந்தக் கோப்பையும் நேரத்துக்கு நகர்த்தியதாகத் தகவல் இல்லை. அந்தப் பாக்கியை எல்லாம் ரிட்டயரான பிறகு ஆண்டவரிடம் தீர்த்துக்கொண்டிருக்கிறார் என்று மருமகள் எஸ்லின் சொல்லுவாள், அவர் காதில் விழாமல்.

ஆறு அடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போதே பெரிய பிஸ்கட் டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார். வீட்டிலுள்ள செல்போன் எல்லாம் அதற்குள் போய்விட வேண்டும். பிறகு ஒவ்வொருத்தரிடமும் ஜெபக்குறிப்பு கேட்பார். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். பேத்தி ஜாய்லினுக்குக் கணக்குப் பரீட்சை, எஸ்லினுக்கு அவள் அம்மாவின் முட்டுவலி. அதன்பின் கண்ணை மூடினாரென்றால் இருபது நிமிஷத்துக்குக் குறையாது. பேராயர் தொடங்கி, விசைத்தறிக்காரர்கள், மழை, அண்டை நாட்டுச் சண்டை எல்லாம் முடித்து, கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். "எங்க பையன் டேவிட்சனின் கையின் கிரியைகளை ஆசீர்வதியும்" என்பது கடைசி வரி. அதைக் கேட்டதும் எஸ்லின் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள்.

டேவிட்சனின் கையின் கிரியைகள் எல்லாம் அந்தச் சாப்பாட்டு மேஜைமேல்தான் நடந்தன. பனவடலிசத்திரத்தில் தொடங்கி இளையரசனேந்தல் வரை ஒரு தனியார் பால் கம்பெனிக்குப் பதினொரு கொள்முதல் நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர். பாலின் கொழுப்பைச் சோதிக்கிற மெஷின் அதோடு சேர்ந்திருக்கும். சோதனை முடிவு தலைமை ஆபீசுக்குப் போய், அங்கிருந்து சரி என்று வந்தால்தான் பாலை வாங்க முடியும். முன்னே எங்கோ ஒரு நிலையத்தில் கையால் சீட்டெழுதித் தில்லுமுல்லு செய்துவிட்டார்கள். அதிலிருந்து நெட் இல்லையென்றால் ஒரு சொட்டு வாங்கக்கூடாது என்று கட்டளை. இந்தப் பதினொன்றையும் சங்கரன்கோவிலில் இருந்துகொண்டே பார்த்துக்கொள்ள ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் காண்டிராக்ட், அந்தக் கம்பெனியில் இது டேவிட்சன் பொறுப்பு. ஆள் கெட்டிக்காரன். தன் கெட்டிக்காரத்தனம் அவனுக்கும் தெரியும்.

அந்த வாரம் கம்பெனி நெட் கனெக்‌ஷனை வேறு ஆளுக்கு மாற்றியிருந்தது. எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்று ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் புதிதாக எழுத வேண்டும். மூன்றே வரி. ஆனால் வில்லங்கமான மூன்று வரி. எந்த வழியாக உள்ளே போயிருக்கிறோமோ அந்த வழியையே மாற்றுகிறோம். தப்பாக எழுதிவிட்டால் மறுபடி உள்ளே போய்த் திருத்த முடியாது. சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை அறைந்து சாத்துகிற கதைதான்.

இதற்கு ஒரு பாதுகாப்பான முறை இருக்கிறது. புதிய வழியைச் சோதனையாக மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். கம்ப்யூட்டர் அதைப் போட்டுவிட்டு நூற்றிருபதிலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வரும். எல்லாம் சரியென்றால் அதற்குள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், மாற்றம் நிலைத்துவிடும். அழுத்தவில்லையென்றால், ஆள் வெளியே மாட்டிக்கொண்டான் என்று தானே புரிந்துகொண்டு பழைய வழிக்குத் திரும்பிவிடும். மனிதன் தப்பு செய்வான் என்று தெரிந்த எவரோ கண்டுபிடித்த முறை. 'சோதித்துப் பார்க்காமல் யாரும் நேரடியாகப் போடக்கூடாது' என்று தடித்த எழுத்தில் தன் ஆட்களுக்கெல்லாம் விதி எழுதிக் கொடுத்தவனே டேவிட்சன்தான்.

முதல் இரண்டு நிலையங்களுக்கும் அப்படித்தான் செய்தான். மூன்றாவதுக்கு எண்ணிக்கை எழுபதில் இருக்கும்போது பிஸ்கட் டப்பா வந்துவிட்டது. ஞானஒளிவு லேப்டாப்பை மூடியே விட்டார். ஜெபம் முடிந்து திறந்தால் எல்லாம் பழையபடி இருந்தது, மறுபடி முதலில் இருந்து செய்ய வேண்டியதாயிற்று. அந்த எரிச்சலில் நாலாவதில் இருந்து நேரடியாகவே போட ஆரம்பித்தான். ஏழு நிலையங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதைப்போல ஒரு மனிதனைக் கெடுக்கிறது வேறில்லை.

வியாழக்கிழமை பதினொன்றாவது, இளையரசனேந்தல். மணி ஐந்து ஐம்பத்தேழு. பனவடலிசத்திரத்துக்கு எழுதிய மூன்று வரியை அப்படியே எடுத்து ஒட்டினான். அதில் நிலையத்து எண் ஒன்றை மாற்ற வேண்டும். "டேவிட்சா, டப்பா வந்தாச்சு" என்று குரல் கேட்டது. மாற்றாமலே பொத்தானைத் தட்டிவிட்டான். திரை நின்றது. வழக்கமாக நாலைந்து விநாடி திக்கிவிட்டுத் திரும்பிவரும். பத்து விநாடி ஆயிற்று. இருபது ஆயிற்று. எண்ணை மாற்றவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஜெபக்குறிப்பு ஏதும் உண்டா?" என்றார் ஞானஒளிவு.

"ஒண்ணுமில்லப்பா."

இருபத்திரண்டு நிமிஷம் ஆயிற்று. டப்பாவுக்குள் ஒரு போன் நடுங்கித் தகரத்தில் மோதிக்கொண்டே இருந்தது. அது யாருடைய போன் என்று டேவிட்சனுக்குத் தெரியும். கையின் கிரியைகளை ஆசீர்வதியும் என்று அப்பா சொன்னபோது அவன் ஆமென் சொல்லவில்லை.

போனை எடுத்தான்.

"சார், கனகலட்சுமி பேசுதேன், இளையரசனேந்தல்ல இருந்து. ஆறு மணியில இருந்து கூப்பிடுதேன் சார். லைன் இல்லன்னு செவப்புல வருது. ரெண்டு மட்டம் நிறுத்திப் போட்டுப் பாத்துட்டேன். வெளிய ஆளு நிக்கி சார்."

கனகலட்சுமிக்கு இருபத்தாறு வயது. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் படித்தவள். நிலையத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் தற்காலிகம்தான். அவளுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தது டேவிட்சன்தான். அவன் தும்மியதைத் தவிர மீதி எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

அதற்குள் ஏரியா சூப்பர்வைசர் கோமதிசங்கரும் அதே அழைப்பில் சேர்ந்துகொண்டார்.

"டேவிட்சன் சார், உங்க பக்கம் ஏதும் மாத்துனீயளா?"

ஆமா சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எஸ்லின் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கொள்ளு வறுத்துக் காணத்துவையல் அரைத்த வாசம் வீடெல்லாம் நிறைந்திருந்தது. அப்பா ஈசிச்சேரில் காப்பி தம்ளரோடு இருந்தார், மகன் வேலை பார்க்கிற அழகைப் பார்த்துக்கொண்டு.

"இல்ல சார்" என்றான் டேவிட்சன். "இங்கன எல்லாம் சரியாத்தான் இருக்கு. அங்கன வயர் ஏதும் லூசாயிருக்கும். யாராச்சும் பிளக்குல கை வச்சாங்களான்னு கேளுங்க."

கனகலட்சுமியின் குரல் வந்தது, அழுகையில் பாதியாகச் சுருங்கி.

"நான் வந்தவுடனே செல்லுக்குச் சார்ஜ் போட்டேன் சார். அந்தச் சின்ன நெட் பெட்டிக்குப் பக்கத்துல."

"பெட்டி பிளக்கக் கழட்டுனியா?" என்றார் கோமதிசங்கர்.

"கழட்டல சார். கொஞ்சம் ஆடுச்சி."

"ஆடுச்சாம்! கம்பெனி கரண்டு ஒனக்குச் சார்ஜ் போடவா இருக்கு? அறுவது வீட்டுப் பாலு நிக்கி வெளிய. டேவிட்சன் சார், இப்பம் என்ன செய்ய?"

இங்கேதான் அவன் இரண்டாவது தப்பைச் செய்தான், முதலாவதைவிடப் பெரியது. கடவுச்சொல்லைக் கனகலட்சுமியிடம் சொல்லி, மூன்று வரியைப் போனிலேயே வாசித்தால் அவள் அடித்துவிடுவாள். பத்து நிமிஷ வேலை. ஆனால் அடிக்கும்போது பனவடலிசத்திரத்து எண் அங்கே உட்கார்ந்திருப்பதை அவள் பார்ப்பாள். கம்ப்யூட்டர் படித்தவள், கேட்காமல் இருக்கமாட்டாள்.

"நான் நேர்ல வாரேன் சார்" என்றான். "எல்லாரையும் நிக்கச் சொல்லுங்க, இந்தா வந்துருவேன்."

போனை வைத்ததும் எஸ்லின் தோசைத் திருப்பியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, காலையில இளையரசனேந்தல்தான பாத்துக்கிட்டு இருந்தீய? பதினொண்ணாவதும் முடிஞ்சா கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடுன்னு சொன்னீயளே."

"அது வேற."

"என்ன வேற? அந்தப் பிள்ள அழுதது இங்கன வரைக்கும் கேட்டுது."

"ஏட்டி, சும்மா இரி. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்கு நெட்டு தெரியாதுதான். ஒங்க மூஞ்சி தெரியும்லா" என்றாள். தட்டில் போட்ட தோசையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இளையரசனேந்தலுக்கு முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. பைக்கை எடுக்கும்போது ஏழு. குருவிகுளத்துக்கு முன்னால் ரோட்டைக் கிளறிப் போட்டிருந்தார்கள், ஜல்லியில் நெளிந்து நெளிந்து போக வேண்டியிருந்தது. புரட்டாசி பிறந்தும் மழையைக் காணோம். இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. உழுதுபோட்ட புஞ்சைகளில் விதைக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஏழரைக்கே வெயில் முதுகைச் சுட்டது. பால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று டேவிட்சன் கணக்குப் போட்டுக்கொண்டே போனான். நாலரைக்குக் கறந்திருப்பார்கள். வண்டியை நிறுத்திப் போன் போட்டு மூன்று வரியைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் தோன்றியது. இரண்டு தரமும், இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டதே என்று நினைத்து வண்டியை முறுக்கினான். இந்த நினைப்பைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தது அதுதான்.

போய்ச் சேரும்போது எட்டேகால். நிலையத்து வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியும் பிளாஸ்டிக் கேனுமாக முப்பது பேருக்குமேல் இருந்தார்கள். சிலர் கேனின்மேல் ஈரச்சாக்கைப் போட்டிருந்தார்கள். அவன் பைக்கைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து வழிவிட்டார்கள். அது அவனுக்குத் தாங்கவில்லை.

"வாங்க தம்பி" என்றார் வெள்ளத்துரை, அறுபது வயது விவசாயி. "சங்கரன்கோயில்ல இருந்து நீங்க ஒராளு எங்களுக்காவ இம்புட்டுத் தூரம் வந்திருக்கீய. ரோடு வேற சரியில்ல."

"பால் எல்லாம் எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"என்னத்தச் சொல்ல. மாரித்தாய் பாலு போயிட்டு. கொஞ்சம் எடுத்துக் காய்ச்சிப் பாத்தோம், திரிஞ்சிட்டு. நம்ம பாலு இன்னும் ஒரு அரைமணிக்கூறு தாங்கும்."

மாரித்தாய் கேனைக் காலருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "முந்தியே தெரிஞ்சிருந்தா டீக்கடைக்காவது ஊத்திருப்பேன் மக்கா. சார் வந்துக்கிட்டே இருக்காரு, நில்லுங்க நில்லுங்கன்னாங்க, நின்னேன். எல்லாம் இந்தக் கனகு பண்ணுன கூத்து. செல்லுக்குச் சார்ஜ் இல்லன்னா செத்தா போயிருவா?"

"வய்யாத மதினி. பிள்ள காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல" என்றார் வெள்ளத்துரை.

உள்ளே கனகலட்சுமி மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோமதிசங்கர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கம்பெனியில் எந்தத் தப்பு நடந்தாலும் யாராவது ஒருத்தர் கைப்பட எழுதிக் கொடுத்தால்தான் அது முடிந்ததாக அர்த்தம். மெஷினே தீப்பிடித்து எரிந்தாலும் ஒரு கடிதம் வேண்டும். நிரந்தர ஆளுக்கு மூன்று கடிதம் வரை பொறுப்பார்கள். தற்காலிக ஆளுக்கு ஒன்றே போதும், மறுநாள் வர வேண்டாம்.

டேவிட்சனைக் கண்டதும் அவள் எழுந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது.

"மன்னிச்சிருங்க சார். என்னால ஒங்களுக்கு அலைச்சல்."

அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். நெட் பெட்டியில் விளக்கெல்லாம் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பிளக் அழுத்தமாக இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் அவள், கடிதத்தை நீட்டி. "இதுல எப்படி எழுதணும்? நான் பிளக்க ஆட்டுனதால என்ன கெட்டுப்போச்சின்னு சரியா எழுதணும்னு சூப்பர்வைசர் சார் சொல்லுதாங்க. எனக்கு அந்த வார்த்த தெரியல. நீங்க சொன்னா எழுதிக்கிடுவேன்."

தாளில் குண்டு குண்டாக, அழகான கையெழுத்து. 'மேலாளர் அவர்களுக்கு. நான் இன்று காலை என் சொந்த செல்போனுக்குச் சார்ஜ் போட்டபோது கவனக்குறைவாக' என்று எழுதி, அதற்குமேல் தெரியாமல் நின்றிருந்தது. மிச்சத்தை அவன் சொல்ல வேண்டும் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள், பயிற்சி நாளில் காத்திருந்தது போலவே.

டேவிட்சனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"முதல்ல இதப் பாத்துருதேன்" என்று சொல்லிக் கடவுச்சொல்லை அடித்தான். மூன்று வரியும் வந்தன. நடுவில் பனவடலிசத்திரத்து எண் இருந்தது. மாற்றினான். இந்தத் தடவை நேரடியாகப் போடவில்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு செய்வதற்குச் சோதனை தேவையே இல்லை, ஆனாலும் சோதனையாகத்தான் போட்டான். திரையில் எண்ணிக்கை ஆரம்பித்தது. நூற்றிருபது, நூற்றுப் பத்தொன்பது.

சிவப்பு எழுத்து போய்ப் பச்சை வந்தது. வெளியே யாரோ "வந்துட்டு வந்துட்டு" என்று கத்தினார்கள். கேன்கள் நகரும் சத்தம் கேட்டது.

"அவ்வளவுதானா சார்?" என்றார் கோமதிசங்கர். "எந்த வயரு?"

டேவிட்சன் திரையையே பார்த்தான். தொண்ணூறு. இது என்ன எண்ணிக்கை என்று கனகலட்சுமிக்குத் தெரியும். அதுவும் அவள் நோட்டில் இருந்தது.

"சார், பொத்தான அமுக்குங்க. திரும்பப் பழசுக்குப் போயிரும்லா" என்றாள்.

எழுபத்திரண்டு. அவள் சற்றுக் குனிந்து திரையைப் பார்த்தாள். மாற்றியதும் மாற்றுவதற்கு முன் இருந்ததும் மேலும் கீழுமாக அங்கேயே கிடந்தன. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது பனவடலி நம்பருல்லா சார்?"

"ஆமா."

"இங்கன எப்படி வந்துச்சி?"

நாற்பத்தெட்டு. டேவிட்சன் பொத்தானை அழுத்தினான். எண்ணிக்கை நின்றது. அதற்குப் பிறகும் அவன் கை பொத்தானிலேயே இருந்தது.

"நான்தான் போட்டேன்" என்றான். "காலையில. சோதிச்சிப் பாக்காம போட்டுட்டேன். ஒன் பிளக்குக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

கோமதிசங்கர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சார், அத இப்பம் ஏன் சார் சொல்லுதீய? நான் ஹெட் ஆபீசுக்கு மெசேஜ் போட்டாச்சி. இந்தப் பிள்ள பேரப் போட்டாச்சி. ஒங்க கம்பெனி தப்புன்னா காண்டிராக்ட்டு, அது இதுன்னு போவும். இது சின்ன விசயமா முடிஞ்சிரும்லா."

கனகலட்சுமி அழவில்லை. காலையிலிருந்து அழுததெல்லாம் எதற்கு என்று யோசிக்கிறவள்போல நின்றாள்.

"போன்லயே சொல்லிருக்கலாம்லா சார்" என்றாள். "மூணு வரிதான? நான் அடிச்சிருப்பேம்லா. மாரித்தாய்க்கா பாலு கெட்டிருக்காதுல்லா."

தப்பாகப் போட்டதற்குக்கூட அவசரம் என்று ஏதாவது சொல்லிவிடலாம். இதற்கு என்ன சொல்ல? அவள் அடிக்கும்போது பார்த்துவிடுவாளே என்றா? டேவிட்சனின் தலை நிமிரவில்லை.

அவள் தன் கடிதத்தை எடுத்து மடித்தாள். நோட்டிலிருந்து வேறொரு தாளைக் கிழித்து அவன்முன் வைத்து, பேனாவையும் வைத்தாள்.

"எழுதுங்க சார்."

எழுதினான். 'மேலாளர் அவர்களுக்கு. இன்று காலை ஆறரை மணியளவில் இளையரசனேந்தல் நிலையத்துக் கம்ப்யூட்டரில் நான் செய்த மாற்றத்தால்' என்று ஒரு வரி முடிவதற்குள் அவள் விரலை வைத்தாள்.

"ஆறர இல்ல சார். ஆறுக்கு முந்தியே நின்னுட்டு. நான் அப்பம் புடிச்சிக் கூப்பிட்டேன். நீங்க எடுக்கல."

அந்த அரைமணி நேரத்தையும் ஒளிக்கத்தான் அவன் கை தானாக அப்படி எழுதியிருக்கிறது. அடித்துவிட்டு 'ஐந்து ஐம்பத்தேழு' என்று எழுதினான். அப்புறம் நடந்ததையெல்லாம் எழுதினான். இல்லை என்று சொன்னதை, பிளக் என்று சொன்னதை, நேரில் வருகிறேன் என்று சொன்னதை. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கோமதிசங்கரிடம் நீட்டினான். அவர் கையைக் கட்டிக்கொண்டே நின்றார்.

கனகலட்சுமிதான் வாங்கினாள். ஒருதரம் முழுக்க வாசித்தாள். பிறகு தன் செல்லை எடுத்தாள்.

"ஒரு படம் எடுத்து வச்சிக்கிடுதேன் சார். நாளைக்கி நீங்க மாத்திச் சொல்லிட்டீயன்னா?"

அதில் குத்தலோ கோபமோ இல்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்க்கிற மாதிரி, காரியமாகச் சொன்னாள். அதுதான் அவனை ஓங்கி அறைந்தது. மூன்று மாதம் முன்பு அவன் சொன்னதையெல்லாம் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டவள் அவள்.

செல் உயிர்பெறவில்லை. காலையில் கேட்ட வசவில் சார்ஜரிலிருந்து பிடுங்கிப் போட்டது, அப்படியே செத்துக் கிடந்தது. சார்ஜர் மேஜையில் சுருண்டிருந்தது. அவள் அதை எடுத்தாள், நெட் பெட்டியின் பக்கத்தில் இருந்த பிளக் ஓட்டையைப் பார்த்தாள். கை தயங்கி நின்றது. ஜன்னலில் மாரித்தாயும் வெள்ளத்துரையும் இன்னும் நாலைந்து பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பம் போடலாமா சார்?" என்றாள்.

டேவிட்சன் சார்ஜரை வாங்கித் தானே செருகினான். பக்கத்துப் பிளக் லேசாக ஆடியது. பச்சை விளக்கு ஒன்றுகூட அணையவில்லை. கனகலட்சுமி ஜன்னல் வழியாக வெள்ளத்துரையின் பாலை வாங்கி மெஷினில் ஊற்றினாள், அது சோதித்து எண்ணைக் காட்டியது.

மாரித்தாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தபடி இருந்தாள். கேன் அவள் இடுப்பில் இருந்தது.

"காலையிலயும் இந்த ஓட்டையிலதான் போட்டாளா?" என்று கேட்டாள்.

"இதே ஓட்டையிலதான்க்கா" என்றான் டேவிட்சன்.